தார் வந்தாச்சு, நிழல் இருக்குமா? வல்லத்திராக்கோட்டை கிராமச் சாலைகள் சொல்லும் கணக்கு

வார இறுதி என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிய காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடை சீசனுக்கு, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி மலை ஏறலாம் என்பதற்கே வரம்பு வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

'இவ்வளவு டிராஃபிக்ல எதுக்கு மலை ஏறணும்?' என்று யோசிப்பவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது. பாஸ் வேண்டாம், டோல் வேண்டாம், ரூம் புக் பண்ணவும் வேண்டாம். மெயின் ரோட்டை விட்டு இறங்கி, கண்மாய்க்கரை, புளியமர நிழல், தென்னந்தோப்பு என்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போகும் கிராமச் சாலைதான் அது. ரீல்ஸில் 'ஸ்லோ டிரைவ்' என்று வருவது இதைத்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டை பக்கம் இப்படிப்பட்ட சாலைகள் நிறைய. ஆனால், அந்த அழகான ரோடு யாருடையது, அதன் ஓரத்து மரத்துக்கு யார் பொறுப்பு, நாளைக்கு அகலப்படுத்தினால் என்ன மிஞ்சும்? கேள்வி பதிலாகப் பார்க்கலாம்.

வல்லத்திராக்கோட்டை எங்கே இருக்கிறது?

புதுக்கோட்டை நகரில் இருந்து கிழக்குப் பக்கமாக அரை மணி நேர ஓட்டம். திருவரங்குளம் ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்ட ஊர். சட்டமன்றத் தொகுதி ஆலங்குடி.

திருச்சியில் இருந்து வருபவர்கள் தேசிய நெடுஞ்சாலை 336 வழியாகவும், தஞ்சாவூரில் இருந்து வருபவர்கள் தேசிய நெடுஞ்சாலை 36 வழியாகவும் புதுக்கோட்டையைத் தொடலாம். அதுவரை எல்லாச் சாலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நகரத்தைத் தாண்டி ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் திரும்பிய பிறகுதான் நிலம் மாறத் தொடங்கும். செம்மண், முந்திரி, நிலக்கடலைக் கொல்லை, நடுநடுவே கண்மாய், அதைச் சுற்றிப் பனை. இன்னும் கிழக்கே போனால் தென்னை, வாழை, பலா, பூந்தோட்டம்.

இது மழையை நம்பிய பூமி. மாவட்டம் முழுக்க ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஏரிகள், குளங்கள் இருக்கின்றன. இங்கே பல கிராமச் சாலைகள் வளைந்து வளைந்து போவதைப் பார்த்து 'சரியா பிளான் பண்ணல' என்று நினைக்க வேண்டாம். கண்மாய்க் கரையையும் வரத்து வாய்க்காலையும் ஒட்டி உருவான வண்டிப்பாதைகள்தான் பிறகு மெட்டல் ரோடாகி, தார் ரோடானவை. வளைவுக்குக் காரணம் தண்ணீர்.

அப்படி என்னதான் பார்க்க இருக்கிறது?

முதல் நிறுத்தம் பொற்பனைக்கோட்டை. புதுக்கோட்டைக்குக் கிழக்கே 6 கிலோமீட்டர் அளவில் இருக்கும் சங்ககாலக் கோட்டைப் பகுதி. கோட்டை மதிலின் மண்மேடும் அகழியின் தடமும் இன்றும் தெரிகின்றன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் இங்கே கிடைத்தது. 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-ல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. தங்க மூக்குத்தி, எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி என்று கிடைத்த பொருட்கள் செய்திகளில் இடம்பிடித்தன. 2024-ல் இரண்டாம் கட்டமும் நடந்தது.

அடுத்தது திருவரங்குளம். சோழர் காலத்து அரிதீர்த்தேஸ்வரர் சிவன் கோயில் இருக்கும் ஊர். கீரமங்கலம் பக்கம் போனால் பூ வியாபாரம். வடகாடு பக்கம் பலாப்பழம். கோடையில் போனால் ரோட்டோரக் குவியலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

கீரமங்கலத்துக்கு அருகே குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். அங்கே இருக்கும் சுமார் 33 அடி உயரக் குதிரைச் சிலைதான் அந்த வட்டாரத்தின் அடையாளம். மாசிமகத் திருவிழாவில் பக்தர்கள் காகிதப்பூ மாலையாகச் சாத்திச் சாத்தி, கடைசியில் குதிரையே தெரியாத அளவுக்கு மூடிவிடும். நேரம் இருப்பவர்கள் அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில் வரை போகலாம். மாணிக்கவாசகரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில் அது. கல்லை மரம்போல் செதுக்கிய கொடுங்கைகளுக்குப் பேர் போனது.

ஆனால், இந்த டிரைவின் அழகு இந்த நிறுத்தங்களில் மட்டும் இல்லை. நிறுத்தங்களுக்கு நடுவே இருக்கும் ரோட்டில்தான் பாதி இருக்கிறது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை, வரப்பில் மேயும் மயில், கண்மாயில் இறங்கும் கொக்கு. சிக்கலும் அந்த ரோட்டில்தான் ஆரம்பிக்கிறது.

இந்த ரோடு யாருடையது?

'கவர்ன்மென்ட் ரோடு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே பல அடுக்கு இருக்கிறது.

மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் மூன்று வகைச் சாலைகள்: மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை. அதற்கும் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை. இவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வரும் உள்ளாட்சிச் சாலைகள். தமிழ்நாட்டில் இந்தக் கடைசி வகை மட்டும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. 'ஸ்லோ டிரைவ்' போகிறவர்கள் தேடுகிற ரோடு பெரும்பாலும் இதுதான்.

இவற்றுக்குப் பணம் வரும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். அதன் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2024-25 முதல் 2028-29 வரை நாடு முழுக்க 62,500 கிலோமீட்டர், 25,000 குடியிருப்புகள், 70,125 கோடி ரூபாய் என்பது கணக்கு. இன்னொன்று, முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம். 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் ஊரகச் சாலையை மேம்படுத்துவோம் என்று 2023 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது.

போக்குவரத்து கூடினால் ஒன்றியச் சாலையை மாவட்ட இதரச் சாலையாகத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுப்பார்கள். பலகை மாறும். பராமரிப்பு மாறும். பிறகு அகலமும் மாறும்.

அகலம் கூடினால் நல்லதுதானே?

ஊர்க்காரர்களைக் கேட்டால் 'ஆமா'தான். அதில் நியாயம் இருக்கிறது.

கிராமச் சாலையின் தார்ப்பரப்பு வழக்கமாக 3.75 மீட்டர் அகலம். ஒரு பேருந்தின் அகலம் சுமார் 2.5 மீட்டர். சின்ன கார் 1.7 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 4.2 மீட்டர். அதாவது எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண் ஓரம் சேறு. இரவில் 108 ஆம்புலன்ஸ் வரும்போது, காலையில் பள்ளிக்கூடப் பேருந்து வரும்போது, நெல் அறுக்கும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வரும்போது இது உயிர்ப் பிரச்சினை, வயிற்றுப் பிரச்சினை.

கீரமங்கலம் பூவும் வடகாடு பலாவும் நேரத்துக்குச் சந்தை போய்ச் சேர வேண்டும். பூ இரண்டு மணி நேரம் தாமதமானால் விலை இறங்கிவிடும். 'ரோடு சின்னதா இருந்தாத்தான் அழகு' என்று வெளியூரில் இருந்து வந்து போகிறவர் சொல்வது எளிது. தினமும் அதில் போய்வருகிறவருக்கு அந்தச் சொகுசு கிடையாது. இந்த விவாதத்தில் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இது.

அகலத்தை 3.75-ல் இருந்து 5.5 மீட்டராக்கினால் பேருந்தும் காரும் ஒதுங்கிப் போகலாம். 7 மீட்டர் என்றால் முழு இருவழிச் சாலை. ஆனால், கூடுதல் தாருக்கும், அதற்கு வெளியே புதிய மண் ஓரத்துக்கும் இடம் வேண்டுமே? ஒரு பக்கம் வயல் அல்லது வீடு. நில எடுப்பு என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். அரசு நிலமாக, நஷ்டஈடு கேட்காமல் நிற்பது சாலையோர மரம் மட்டும்தான். முதலில் அது போகிறது.

வெட்டாமல் விட்டாலும் ஆபத்து முடிவதில்லை. ஓரத்தில் பள்ளம் தோண்டும்போது வேர் அறுபடும். தாரை அடிமரம் வரை கொண்டுவந்து ஒட்டினால் தண்ணீர் இறங்காது. பார்க்கப் பச்சையாக நிற்கும் மரம் சில வருடம் கழித்து ஒரு காற்றில் சாயும். அப்போது 'பழைய மரம், விழுந்திருச்சு' என்று முடித்துவிடுவார்கள். டெல்லியில் இதே பிரச்சினை வந்தபோது, மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது.

மரத்துக்கு யார் பொறுப்பு?

ஊருக்கும் சாலையோர மரத்துக்கும் உள்ள உறவு நிழலோடு முடிவதில்லை. காசும் இருக்கிறது. புளியமரங்களின் மகசூல் வருடா வருடம் ஏலம் போகும். அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரத்தை வைத்துப் பராமரித்து அனுபவிப்பவருக்கு, வரி வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் '2சி பட்டா' என்ற ஏற்பாடும் வருவாய்த் துறையில் உண்டு. நிலம் அரசுக்கு, பலன் மரம் வளர்த்தவருக்கு.

வெட்டுவதற்கு? 2021-ல் தமிழக அரசு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டுமென்றால் இந்தக் குழுவின் அனுமதி வேண்டும். ஒரு மரத்துக்குப் பதிலாகப் பத்துக் கன்று நட வேண்டும் என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் நிபந்தனை.

பேப்பரில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் மூன்று ஓட்டை. முதலாவது, குழுவிடம் மனு போவதற்குள் சாலையின் அகலம் முடிவாகி, மதிப்பீடு தயாராகி, டெண்டரும் நெருங்கிவிடும். அப்போது 'வெட்டலாமா?' என்ற கேள்வி, 'எத்தனை வெட்டலாம்?' என்று சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, பத்துக் கன்று எங்கே நடப்படும்? அகலப்படுத்திய சாலையோரத்தில் இடம் இருக்காது. வேறெங்கோ நட்டால் இந்த ரோட்டுக்கு நிழல் வராது. மூன்றாவது, நட்ட கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுவது யார்? புதுக்கோட்டை வெயிலில் அதுதான் முக்கியமான கேள்வி.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 'இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சே, இங்கே எப்படி மரம் வெட்ட முடியும்?' என்று சிலர் கேட்பதுண்டு. ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டம் நினைவிருக்கும். அதன் பிறகு 2020-ல் வந்த சட்டம், டெல்டா மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட மண்டலமாக அறிவித்தது. வல்லத்திராக்கோட்டையும் அதற்குள் வருகிறது. ஆனால், அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்ற குறிப்பிட்ட தொழில்களை. சாலை, குழாய், மின்பாதை போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கு அது தடை இல்லை. சாலையோரப் புளியமரத்துக்கு அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது.

ஒரு மரத்தின் விலை எவ்வளவு?

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஜெஸ்ஸோர் சாலையில் ரயில்வே மேம்பாலங்கள் கட்டுவதற்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு. நீதிமன்றம் நியமித்த நிபுணர் குழு 2021-ல் ஒரு சூத்திரம் சொன்னது: ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய், அதை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும். ஆக்சிஜன், மண் வளம் என்று எல்லாம் சேர்த்த கணக்கு. அதன்படி 80 வயதுப் புளியமரத்தின் மதிப்பு 59 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்!

முடிவு என்ன ஆனது? 2023-ல் அந்த மரங்களை வெட்ட அனுமதி கிடைத்துவிட்டது. மேம்பாலம் இல்லாமல் நடக்கும் விபத்து மரணங்களும் தராசின் மறுதட்டில் வைக்கப்பட்டன. அதற்காக அந்தக் கணக்கு வீணாகிவிடவில்லை. திட்ட மதிப்பீட்டில் மரத்தைப் 'பூஜ்யம்' என்று போட்டுவிட்டு, வேறு வழி எல்லாம் 'செலவு அதிகம்' என்று சொல்ல முடியாது என்பதை அது காட்டியது.

கஜா என்ன சொல்லிக்கொடுத்தது?

2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்தது. தாத்தா வைத்த பலாவைப் பேரன் அறுத்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு தென்னை காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். பலா முழு வீச்சுக்கு வர அதைவிட அதிகம்.

அதனால் இன்று இந்த வட்டாரத்தில் நிற்கும் ஒரு பெரிய மரம், கஜாவைத் தாண்டி நின்ற மரம். 'பத்துக் கன்று நட்டுக்கலாம்' என்பதைப் புயலுக்குப் பிறகு வளர்த்துப் பார்த்தவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்.

பச்சையா இருப்பதெல்லாம் காடா?

இல்லை. புதுக்கோட்டையில் ஓட்டும்போது இரண்டு பக்கமும் நேர்கோட்டில் வெளிர் நிற அடிமரங்கள் வந்தால், அது தைலமரத் தோட்டம். போட்டோவுக்கு அழகுதான். 1974-ல் தொடங்கப்பட்ட, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இந்த மாவட்டத்தில் பெரிய அளவில் தைலமரம் வளர்க்கிறது. காகிதக் கூழுக்குப் போகும் மரம். நிலத்தடி நீரும் கண்மாய்க்கு வரும் மழைநீரும் குறைகிறது என்று மாவட்ட விவசாயிகள் பல வருடங்களாக எதிர்ப்புத் தெரிவித்துவருகிறார்கள்.

இந்த மண்ணின் இயல்பான காடு வேறு. வறண்ட பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் சொல்வார்கள். வீரை, பாலை, காயா போன்ற மரங்கள் நெருக்கமாக, குட்டையாக, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். அது பெரும்பாலும் அய்யனார், காளி கோயில்களைச் சுற்றிய கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. சாமிக்குப் பயந்து குச்சி ஒடிக்காமல் விட்டதால் பிழைத்த காடு. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்தில் இருந்து 33 சதவீதமாக்கும் இலக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியது. கன்று நடுவது ஒரு பக்கம் நடக்கட்டும். இருக்கும் கோயில் காட்டையும் சாலையோர மரத்தையும் காப்பதற்குத் தண்ணீர் லாரி தேவையில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், உள்ளூர் நிர்வாகங்கள் சில கிராமச் சாலைகளை 'அமைதிச் சாலை' என்று அறிவிக்க வழி செய்தது. நடப்பவர், சைக்கிள், குதிரை, கார் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் குறுகிய சாலை. அதை அகலப்படுத்தாமல் வேகத்தைக் குறைப்பதுதான் யோசனை. அமெரிக்கா 1991-ல் இயற்கை எழில் சாலைகளுக்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது. நார்வேயில் 18 சாலைகள் தேசியச் சுற்றுலாப் பாதைகளாக இருக்கின்றன. வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம், கழிப்பறை எல்லாம் யோசித்துக் கட்டப்பட்டவை.

தமிழ்நாட்டில்? 2023 செப்டம்பரில் வெளியான மாநிலச் சுற்றுலாக் கொள்கை, ஊரக மற்றும் தோட்டச் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால், ஊரகச் சுற்றுலாவுக்கு வருபவர் முதலில் பார்ப்பது ஊருக்குப் போகும் ரோட்டைத்தான். அந்த ரோடு சுற்றுலாத் துறையின் கையில் இல்லை.

வேகமும் ஒரு பிரச்சினை. 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்புப்படி, நெடுஞ்சாலை அல்லாத 'இதர சாலை'களில் காருக்கு மணிக்கு 70 கிலோமீட்டர், பைக்குக்கு 60. மாநில அரசு இதைக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்துப் பலகை வைக்காதவரை, ஆடு குறுக்கே வரும் 3.75 மீட்டர் ரோட்டிலும் காகிதத்தில் வரம்பு 70தான்!

அப்போ வல்லத்திராக்கோட்டைக்கு எது சரிவரும்?

'அகலப்படுத்தவே கூடாது', 'எல்லாத்தையும் அகலப்படுத்து' இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது.

பேருந்து ஓடும், சந்தைக்குப் போகும் முக்கியப் பாதைகளை அகலப்படுத்தலாம். அதிலும் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் வெறும் புறம்போக்கு என்றால் மறுபக்கமாக மட்டும் விரிக்கலாம். இரண்டு கிராமங்களை இணைக்கும் உள் சாலைகளில் முழு நீளத்தையும் அகலமாக்காமல், மரம் இல்லாத இடமாகப் பார்த்து, சில நூறு மீட்டருக்கு ஒரு முறை வண்டி ஒதுங்கும் இடம் அமைத்தால் போதும். செலவும் குறையும், மரமும் நிற்கும்.

மதிப்பீடு போடுவதற்கு முன்பே மரங்களை எண்ணி, வகையும் சுற்றளவும் குறித்துப் பட்டியலை ஊராட்சியில் ஒட்டலாம். வெட்டுவதற்கு நம்பர் போடும்போதுதான் ஊருக்கே தெரியவரும் நிலை மாறும்.

இதைக் கேட்க ஒரு மேடை ஏற்கெனவே இருக்கிறது: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை. புதுக்கோட்டை உட்பட பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் காலத்திலும் சாலைப் பணிகள் நிற்பதில்லை. அந்த நேரத்தில் கிராம சபைத் தீர்மானத்தின் முக்கியத்துவம் கூடுகிறது. 'எங்க ஊர் ரோட்டை இந்த அகலத்துக்குப் போடுங்க, இந்த மரங்களை விட்டுடுங்க' என்று எழுத்தில் ஒரு தீர்மானம் இருந்தால், பசுமைக் குழு கூடும்போது கோப்பில் ஊரின் குரலும் இருக்கும்.

டிரைவ் போறீங்களா? இதைக் கவனிங்க

* எப்போது போகலாம்: வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கண்மாயில் தண்ணீர் இருக்கும், வெயில் குறைவு. பலாவுக்காகப் போகிறவர்கள் கோடையில் விடிகாலையே கிளம்பிவிடுவது நல்லது.

* ரோட்டில் நெல் காய்ந்தால்: அறுவடைக் காலத்தில் நெல், உளுந்து, எள் எல்லாம் தாரில் காயும். களம் இல்லாததால்தான் ரோட்டுக்கு வருகிறது. ஓரமாக, மெதுவாகப் போங்கள். கதிர், வைக்கோல் மேல் ஓட்ட நேர்ந்தால், தாண்டியதும் நிறுத்தி வண்டிக்கு அடியில் பாருங்கள். சுற்றிக்கொண்ட வைக்கோல் சூடாகித் தீப்பிடிக்கலாம்.

* ஆடு, மாடு, மயில்: ஹாரனைவிட பிரேக்கை நம்புங்கள். ஒரு ஆடு கடந்தால் பின்னால் இன்னும் பத்து வரும். 30-ல் போனால் எல்லாருக்கும் நல்லது.

* கோயில் காடு: காலணியைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். சில இடங்களில் பெண்கள் நுழைவது, போட்டோ எடுப்பது பற்றி ஊர் வழக்கம் இருக்கும். அங்கே இருக்கும் பெரியவரிடம் 'ஐயா, உள்ளே போகலாமா, படம் எடுக்கலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ட்ரோன் பறக்கவிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபம்.

* பொற்பனைக்கோட்டை மாதிரி இடங்களில்: தரையில் கிடக்கும் பானை ஓட்டைக்கூட எடுக்காதீர்கள். எந்த இடத்தில் கிடந்தது என்பதே ஆய்வாளருக்கு ஒரு தகவல்.

* கண்மாய்: கரையில் கார் ஏற்ற வேண்டாம். மண்ணள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம். பாட்டிலைக் கரையில் உடைத்துவிட்டு வந்தால், அடுத்து அதை மிதிப்பது மேய்ச்சலுக்கு வரும் மாடு.

* செலவு ஊரிலேயே: டீ, இளநீர், பூ, பலாச்சுளை எல்லாம் வழியில் வாங்குங்கள். வெளியூர் வண்டி வந்து போவதால் நாலு காசு வருகிறது என்றால், அந்த நிழலைக் காப்பதற்கு ஊருக்கும் ஒரு காரணம் கூடும்.

என்ன நடக்கப்போகிறது?

2028-29 வரை கிராமச் சாலைகளுக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. திருவரங்குளம் ஒன்றியம் மாதிரி இடங்களில் தார் வரும், வர வேண்டும். இந்தச் சில வருடங்களில் எடுக்கும் அகல முடிவுதான் அடுத்த ஐம்பது வருடத்துக்கு அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும். தார் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். புளியமரத்துக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த கிராம சபை நாளில் உங்கள் சொந்த ஊரில் இருந்தால், ரோட்டு மதிப்பீட்டில் எத்தனை மரம் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.